307 எஞ்சின் போய் 350 வந்தால்: பிளெக்ஸ் பிளேட்டும் டார்க் கன்வெர்டரும்

வாசகர் ஒருவரின் கேள்வி இது. 1970ஆம் ஆண்டு செவர்லே நோவா. அதில் இருந்தது 307 வி8 எஞ்சினும் இரண்டு கியர் பவர்கிளைட் ஆட்டோமேட்டிக்கும். எஞ்சின் தேய்ந்துவிட்டது. 1988 பிக்கப் ஒன்றிலிருந்து எடுத்த 350 எஞ்சினையும் தனியாக வாங்கிய டர்போ 350 கியர்பாக்ஸையும் பொருத்தப் போகிறார். பழைய பிளெக்ஸ் பிளேட், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்டர், ஸ்டார்ட்டர் மூன்றும் நல்ல நிலையில் கையில் இருக்கின்றன. “எல்லாமே ஸ்மால் பிளாக் செவர்லேதானே, அப்படியே மாட்டிவிடலாமா?” என்று கேட்கிறார்.

மாட்ட முடியாது. பழைய பிளேட் புது எஞ்சினின் கிராங்கில், அதாவது சுழலும் முதன்மைத் தண்டில், உட்காராது. பழைய கன்வெர்டர் டர்போ 350இன் ஷாஃப்ட்டில் ஏறாது. ஸ்டார்ட்டர் மட்டும் பிழைக்கலாம். அதுவும் நீங்கள் இனி வாங்கப்போகும் பிளேட்டைப் பொறுத்தது. முதல் இரண்டும் முரண்டு பிடித்து நின்றுவிடுவது ஒரு வகையில் நல்லது. போல்ட்டில் மாட்டிக்கொண்டு, ஓடவும் ஓடி, ஆயிரம் கிலோமீட்டர் கழித்து எஞ்சினைத் தின்கிற பொருத்தப் பிழைகளும் உண்டு. நான் அதிகம் சொல்ல விரும்புவது அவற்றைப் பற்றித்தான்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 1955இல் 265 கன அங்குல எஞ்சினாக வந்தது. பிறகு 283, 327, 307, 350, 400, 305 என்று குடும்பம் பெருகியது. இத்தனை ஆண்டுகளிலும் எஞ்சினின் பின்முகத்தில் கியர்பாக்ஸ் மாட்டும் போல்ட் துளைகளின் இடம் மாறவே இல்லை. 1970 கியர்பாக்ஸ் 1988 எஞ்சினில் தடையில்லாமல் போய் உட்காரும். அதைப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் பாகங்களும் அப்படியே சேரும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் நடுவில் இருப்பவைதான் மாறிக்கொண்டே இருந்தன. உதிரிபாகக் கடையில் “1970 நோவா” என்று சொல்லிப் பிளேட் கேட்டால் கடைக்காரர் 1970 நோவாவுக்கு உரியதைத்தான் தருவார். அது சரியான பதில், தவறான கேள்விக்கு. ஐம்பது வயதைத் தாண்டிய காரில் பதிவுச் சான்றிதழ் சொல்லும் ஆண்டு வேறு, எஞ்சினின் ஆண்டு வேறு, கியர்பாக்ஸின் ஆண்டு வேறு. ஆகவே ஆண்டை மறந்துவிட்டு அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும்.

பிளெக்ஸ் பிளேட் என்பது ஆட்டோமேட்டிக் கார்களில் ஃபிளைவீலின் இடத்தில் இருக்கும் மெல்லிய எஃகுத் தட்டு. கிளட்ச் உள்ள காரில் கனமான ஃபிளைவீல் தேவை. ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்டரே போதிய எடை என்பதால் தட்டு மெலிதாக இருக்கிறது. மெலிந்திருப்பது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. ஓடும்போது கன்வெர்டர் உள்ளழுத்தத்தால் சற்றே உப்பும், முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவைத் தட்டு வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தட்டு ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கட்டுப்பட்டது: நடுவில் கிராங்க்ஷாஃப்ட், இடையில் கன்வெர்டர், ஓரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார். சில எஞ்சின்களில் நான்காவதாக, கிராங்கின் பேலன்ஸ் எடையில் ஒரு பகுதியையும் அது சுமக்கிறது. அதில்தான் பலர் விழுகிறார்கள்.

முதலில் கிராங்க். 1985 வரையிலான ஸ்மால் பிளாக்கில் கிராங்கின் பின் ஆயில் சீல் இரண்டு துண்டுகளாக வந்தது. 1986இலிருந்து ஒரே துண்டு வளையமாக மாறியது. இரண்டு துண்டு சீல் வயதானால் கசியும் என்பது அந்த எஞ்சினை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும், மாற்றம் அதற்காகத்தான். ஆனால் அந்த மாற்றத்தோடு கிராங்கின் பின் விளிம்பும் மாறிவிட்டது. பழையதில் ஆறு போல்ட் துளைகளும் 3.58 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் இருந்தன, அதாவது சுமார் 91 மில்லிமீட்டர். புதியதில் அந்த வட்டம் 3.00 அங்குலம், சுமார் 76 மில்லிமீட்டர். எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தாலே தெரிந்துவிடும். வித்தியாசம் அரை அங்குலத்துக்கும் மேல் என்பதால் வெர்னியர் கூடத் தேவையில்லை, சாதாரண ஸ்கேல் போதும். துளைகளை அரத்தால் இழுத்துச் சரிசெய்யலாம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் 350 உண்மையிலேயே 1988இன் எஞ்சின் என்றால் 3.00 அங்குல வட்டம்தான் இருக்கும். ஆனாலும் அளந்தே தீருங்கள். ஒற்றைத் துண்டு சீல் பிளாக்கில் அடாப்டர் வைத்துப் பழைய வகைக் கிராங்கைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாக்கில் அச்சாகியிருக்கும் எண் பிளாக்கின் வயதைத்தான் சொல்லும். உள்ளே சுழலும் கிராங்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது பேலன்ஸ். பழைய 283, 327, 307, 350 ஆகியவற்றில் கிராங்கின் எதிர் எடைகள் முழுவதும் கிராங்கிலேயே இருந்தன. பின் விளிம்பிலும் ஒரு பக்கம் தடித்த பகுதி ஒன்று அதற்காகவே விடப்பட்டிருந்தது. ஆகவே அவற்றுக்கு எடை எதுவும் ஒட்டாத, தானே சமநிலையில் உள்ள பிளேட் போதும். ஒற்றைத் துண்டு சீல் வந்தபோது, சீல் உட்காரும் விளிம்பு முழு வட்டமாக இருந்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அந்தத் தடித்த பகுதியை எடுத்துவிட்டார்கள். எடுத்த எடையை எங்காவது வைக்க வேண்டுமே. பிளெக்ஸ் பிளேட்டில் வைத்தார்கள். 1986க்குப் பிந்தைய 305, 350 பிளேட்டுகளில் ஒரு பக்கம் சிறு எஃகுத் துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருப்பது இதனால்தான். கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் மட்டும் எடையில்லாததாகவே தொடர்ந்தது.

400 எஞ்சின் இன்னொரு வகை. 1970இல் வந்த அது, நீண்ட ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் நகரும் தூரம்) தேவையான எதிர் எடைக்கு உள்ளே இடம் போதாமல், முன் டேம்பரிலும் பின் பிளேட்டிலும் எடையைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் அதன் கிராங்க் போல்ட் வட்டம் பழைய 3.58 அங்குலம்தான். எனவே 400இன் பிளேட் 307இல் மாட்டும். 307இன் பிளேட் 400இல் மாட்டும். இரண்டுமே தவறு. பழைய உதிரிபாகக் குவியலிலிருந்து எடுத்த பிளேட் “நன்றாகவே உட்கார்ந்தது” என்று சொல்லிவிட்டு, எஞ்சின் ஏன் அதிர்கிறது என்று கார்புரேட்டரை நோண்டிக்கொண்டிருப்பவர்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. செவர்லேயின் இன்னொரு வி8 குடும்பமான பெரிய பிளாக்கிலும் இதே கண்ணி உண்டு: 396, 427 இரண்டும் உள் பேலன்ஸ் (எடை முழுவதும் கிராங்கிலேயே), 454 வெளி பேலன்ஸ் (ஒரு பகுதி வெளியே).

எஞ்சின் ஒரு முறை பிரித்துக் கட்டப்பட்டதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 350 பிளாக்கில் 400இன் 3.75 அங்குல ஸ்ட்ரோக்கை வைத்து 383 ஆக்குவது மிகப் பரவலான வேலை. அந்தக் கிராங்க் உள் பேலன்ஸாகவும் இருக்கலாம், 400 போல வெளி பேலன்ஸாகவும் இருக்கலாம், 1986 பாணியில் பின்பக்கம் மட்டும் எடை கேட்பதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. கட்டியவரிடம் பேலன்ஸ் செய்த தாளைக் கேளுங்கள். தாள் இல்லை என்றால், குறைந்தபட்சம் எஞ்சினோடு வந்த பிளேட்டையும் டேம்பரையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சினின் பேலன்ஸுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அவை. எடையுள்ள பிளேட்டை மாட்டும்போது பிளேட்டில் உள்ள சிறு குறித்துளை கிராங்க் விளிம்பின் குறித்துளைக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியான எடை தவறான கோணத்தில் நின்றால் அது இல்லாததை விட மோசம்.

பேலன்ஸ் பிழையை எப்படி அடையாளம் காண்பது? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சின் வேகத்தை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். அதிர்வு எஞ்சின் வேகத்தோடு வளர்ந்தால் காரணம் எஞ்சின், பிளேட், கன்வெர்டர் இம்மூன்றில் ஒன்று. ஓடும்போது மட்டும் வந்து, நிற்கும்போது இல்லை என்றால் டிரைவ்ஷாஃப்ட்டையோ டயர்களையோ பாருங்கள். முதல் வகை என்று தெரிந்தால் அடுத்த படி இது: கன்வெர்டர் போல்ட்டுகளைக் கழற்றி, கன்வெர்டரைப் பின்னுக்கு முழுவதும் தள்ளி, பிளேட்டில் உரசவில்லை என்று உறுதிசெய்துகொண்டு எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் கன்வெர்டர்தான் குற்றவாளி. இருந்தால் பிளேட், டேம்பர், கிராங்க். கன்வெர்டர் மீது சந்தேகம் இலேசானதுதான் என்றால் அதை 120 பாகை திருப்பி அடுத்த துளையில் மாட்டிப் பாருங்கள். மூன்று போல்ட் என்பதால் மூன்று நிலைகள் கிடைக்கும். பிளேட்டின் சிறு பிழையும் கன்வெர்டரின் சிறு பிழையும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் அதிர்வு கூடும், எதிரெதிரே வந்தால் குறையும்.

மூன்றாவது, ஓரத்துப் பற்கள். செவர்லேயில் இரண்டு அளவு: 153 பல் உள்ள சிறியது, சுமார் 12¾ அங்குல விட்டம், 168 பல் உள்ள பெரியது, சுமார் 14 அங்குலம். எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் விட்டத்தை அளந்தாலே போதும். சிறியதற்கான ஸ்டார்ட்டரின் மூக்கில் இரண்டு போல்ட் துளைகளும் நேர்க்கோட்டில் இருக்கும், பெரியதற்கானதில் ஒன்று முன்தள்ளிச் சாய்வாக இருக்கும். சிறிய பிளேட்டுக்குப் பெரியதற்கான ஸ்டார்ட்டரை வைத்தால் பல் பல்லை எட்டாது. பிளாக்கின் அடியில் இரண்டு வகைக்கும் துளை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல பிளாக்குகளில் மூன்று துளைகள் இருக்கும். சிலவற்றில் ஒரு வகைக்கு மட்டுமே இருக்கும். உங்களிடம் உள்ள பழைய ஸ்டார்ட்டர் நேர்க்கோட்டு வகையாக இருந்து, புதிதாக வாங்கும் பிளேட் 153 பல்லாகவும் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது? 168 பல்லைத்தான் நான் சொல்வேன். காரணம் ஸ்டார்ட்டர் அல்ல, கன்வெர்டர். கன்வெர்டரின் முகத்தில் உள்ள மூன்று காதுகள் பிளேட்டில் மாட்டும் வட்டம் செவர்லேயில் இரண்டு வகை: 10.75 அங்குலம், 11.5 அங்குலம். டர்போ 350க்கும் பவர்கிளைட்டுக்கும் பெரும்பாலும் சிறியது, டர்போ 400க்குப் பெரும்பாலும் பெரியது. 153 பல் பிளேட்டில் சிறிய வட்டத்துக்கு மட்டுமே இடம் உண்டு. 168 பல் பிளேட்டுகள் பலவற்றில் இரண்டு வட்டத் துளைகளும் இருக்கும். நாளைக்கு வேறு கன்வெர்டர் வாங்க நேர்ந்தாலும் பிளேட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கியர்பாக்ஸின் அடியில் வரும் தகர மூடி பிளேட்டின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறியதற்கான மூடி பெரிய பிளேட்டில் உரசிக் கத்தும்.

இனி கன்வெர்டர். உங்கள் பவர்கிளைட்டின் உள்ஷாஃப்ட்டில் 17 ஸ்பிளைன், அதாவது கன்வெர்டருக்குள் கோக்கும் நீளவாக்குப் பற்கள். டர்போ 350இல் 30. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. பழைய கன்வெர்டரைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடலாம். டர்போ 350க்கு வாங்கும்போது ஒரு கவனம். 1980 முதல் டர்போ 350இல், ஓடும்போது கன்வெர்டரை நேரடியாகப் பூட்டிவிடும் லாக்அப் வகை ஒன்று வந்தது. அதன் கன்வெர்டர் வேறு, சாதாரண டர்போ 350இல் அது வேலை செய்யாது. பழைய பாகம் விற்பவர் “350 கன்வெர்டர்” என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் எந்தக் கியர்பாக்ஸிலிருந்து எடுத்தது என்று கேட்டுவிடுங்கள். நான்கு கியர் 700ஆர்4 பற்றியும் சிலர் யோசிப்பார்கள். அதில் 1982 முதல் 1984 வரை 27 ஸ்பிளைன், பிறகு 30. எண்ணிக்கை ஒத்துப்போனாலும் அதன் லாக்அப் கன்வெர்டரை டர்போ 350க்கு மாற்றி வைக்க முடியாது.

கன்வெர்டரின் முன்மூக்கு கிராங்கின் பின்முனையில் உள்ள குழிக்குள் இறுக்கமாக, ஆனால் கையால் தள்ளினால் நுழையும்படி உட்கார வேண்டும். கன்வெர்டரை நடுவில் நிறுத்துவது அந்த மூக்குதான். மூன்று போல்ட்டுகளின் வேலை சுழற்றுவது மட்டும். மூக்கிலும் குழியிலும் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்து, இலேசாகக் கிரீஸ் தடவி, கியர்பாக்ஸை ஏற்றுவதற்கு முன்பே பொருந்துகிறதா என்று பாருங்கள். மூக்கு தளர்ந்து ஆடினால் கன்வெர்டர் மையத்தில் சுழலாது. கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பின் முன் சீல் கசியத் தொடங்கும், பிளேட் விரிசல் விடும்.

ஸ்டால் வேகம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் கேட்பார்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எவ்வளவு வேகம் வரை ஏறி நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். சாதாரண 350இன் பின்னால் தொழிற்சாலைக் கன்வெர்டர் நிமிடத்துக்கு 1,600 முதல் 1,800 சுற்றுக்குள் நிற்கும். இது கன்வெர்டரின் குணம் மட்டும் அல்ல. அதே கன்வெர்டரை அதிக டார்க் உள்ள எஞ்சினின் பின்னால் வைத்தால் ஸ்டால் ஏறும், பலவீனமான எஞ்சினின் பின்னால் வைத்தால் இறங்கும். பெட்டியின் மேல் “2,500” என்று அச்சிட்டிருந்தால், யாருடைய எஞ்சினுக்கு என்று கேட்க வேண்டும். பவர்கிளைட்டின் முதல் கியர் விகிதம் 1.76 அல்லது 1.82, டர்போ 350இன் முதல் கியர் 2.52. கியர்பாக்ஸ் மாறியதாலேயே உங்கள் நோவா சிக்னலில் முன்பை விட வேகமாகக் கிளம்பும். கேம்ஷாஃப்ட்டை மாற்றாத எஞ்சினுக்கு உயர் ஸ்டால் கன்வெர்டர் வாங்குவது நெடுஞ்சாலையில் எண்ணெயைச் சூடாக்குவதற்குச் செய்யும் செலவு.

பொருத்தும் வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே ஓர் அளவில். கன்வெர்டரைக் கியர்பாக்ஸுக்குள் முதலில் ஏற்ற வேண்டும், எஞ்சினில் அல்ல. உள்ளே சுமார் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, கழுத்தில் எண்ணெய் தடவி, சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். உள்ஷாஃப்ட்டின் ஸ்பிளைன், ஸ்டேட்டர் ஸ்பிளைன், பம்பின் பல் என்று மூன்று இடத்தில் அது பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ‘டக்’கென்று ஒரு படி உள்ளே இறங்கும். இரண்டு ‘டக்’ கேட்டதும் திருப்தி அடைந்து நிறுத்துகிறவர்களால்தான் கியர்பாக்ஸ் பட்டறைகள் பிழைக்கின்றன. கேசிங்கின் முகத்துக்குக் குறுக்கே நேர்க்கோல் ஒன்றை வைத்து அளந்தால் கன்வெர்டரின் காதுகள் ஓர் அங்குலத்தை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ உள்ளே இருக்க வேண்டும்.

பிறகு கியர்பாக்ஸை எஞ்சினோடு சேருங்கள். பிளாக்கின் பின்முகத்தில், கியர்பாக்ஸைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்கள் இருக்கின்றனவா என்று அதற்கு முன் பாருங்கள். பழைய எஞ்சின்களில் இவை காணாமல் போயிருப்பது சாதாரணம். அவை இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் கியர்பாக்ஸ் சற்றே தாழ்ந்து உட்காரும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் விலகி, ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேட் ஒரு முறை வளையும். கேசிங்கின் முகம் பிளாக்கின் முகத்தோடு கைத்தள்ளலில் முழுவதும் சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். உள்ளே பம்பின் கியர் உடைந்துவிடும். எஞ்சின் ஒரு முறை கூட ஓடாமலேயே கியர்பாக்ஸ் செத்துப்போகும் வழி இதுதான்.

கேசிங் போல்ட்டுகளை இறுக்கிய பிறகு கன்வெர்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். அதைப் பின்னுக்கு முழுவதும் தள்ளிவிட்டு, காதுக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 1/8 முதல் 3/16 அங்குலம், அதாவது சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் வர வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் கன்வெர்டர் பம்பில் முழுவதும் இறங்கவில்லை, அல்லது தவறான கன்வெர்டர், அல்லது பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு போல்ட்டையும் தொடாமல் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இடைவெளி கூடுதலாக இருந்தால், இழுத்துப் பூட்டும்போது கன்வெர்டரின் கழுத்து பம்பிலிருந்து அதிகம் வெளியே வந்து, பிடிப்புக் குறையும். அதற்கு மூன்று காதுகளிலும் ஒரே கனமுள்ள கடின வாஷர்களை வைத்து இடைவெளியைக் குறைக்கலாம். மேலே பார்த்த துளை வட்டம், ஸ்பிளைன், மூக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்றால் இந்த ஓர் அளவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அளக்காமல் மாட்டியவர்களுக்கு அது பல மாதம் கழித்துத் தெரியும்.

பிளேட்டைக் கிராங்கில் மாட்டும் போல்ட்டுகள் 7/16 அங்குல நுண்மரை, தலை மெலிந்தவை. சாதாரணக் கடை போல்ட்டின் தடித்த தலை கன்வெர்டரில் இடிக்கும். அவற்றை 60 அடி-பவுண்டு, அதாவது சுமார் 81 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும். கன்வெர்டர் போல்ட்டுகள் 3/8 அங்குலம் என்றால் 35 அடி-பவுண்டு போதும். அவற்றின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால் முனை கன்வெர்டரின் முன்தகட்டில் முட்டி அதை உள்ளுக்குத் தள்ளும். போல்ட் இறுகிவிட்டதாகத் தோன்றும், காது தளர்வாகவே இருக்கும்.

விரிசல் விட்ட பிளேட் எழுப்பும் சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால் நல்ல எஞ்சின்கள் வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. விரிசல் பெரும்பாலும் கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி வட்டமாக ஓடும். ஐடிலில் ‘டொக் டொக்’ என்று அடியிலிருந்து வரும். கேட்பவர் கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டுவார். வேறுபாடு இருக்கிறது. பிளேட்டின் சத்தம் கியரில் போடும்போதும் சுமை ஏறும்போதும் குணம் மாறும், சில நேரம் மறைந்தே போகும். எண்ணெய் அழுத்தம் சரியாக இருக்கும். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அடி மூடியையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, முன்பக்கம் கைநெம்புகோலால் கிராங்கைத் திருப்பிக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். கிராங்க் போல்ட்டுகளின் ஓரத்தில் செந்துருப் பொடி தெரிந்தால் அங்கே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது என்று பொருள். புதுப் பிளேட்டை மாட்டுவதோடு நிறுத்திவிட்டால் அதுவும் அதே இடத்தில் உடையும். டவல் பின், மூக்கு, இடைவெளி இம்மூன்றில் எது தவறியது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

வேறு நிறுவனக் கார் வைத்திருப்பவர்களும் படிக்கலாம் என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். ஃபோர்டு 302இல் 1980களின் தொடக்கத்தில் வெளி பேலன்ஸ் 28 அவுன்ஸிலிருந்து 50 அவுன்ஸாக மாறியது. 351 வின்ட்சர் 28இலேயே இருந்துவிட்டது. பிளேட்டுகள் போல்ட்டில் ஒன்றுக்கொன்று மாட்டிக்கொள்ளும் என்பதால் இது செவர்லே 400ஐ விடக் கொடிய கண்ணி. ஃபோர்டு கன்வெர்டரில் எண்ணெய் வடிக்கும் பிளக் ஒன்று முன்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கும். அது பிளேட்டில் தனக்கென உள்ள துளைக்குள் வரும்படி திருப்பி வைக்காமல் நட்டுகளை இறுக்கினால் பிளேட் வளைந்துவிடும். கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட்டில் ஸ்டார்ட்டர் பற்கள் பிளேட்டிலேயே இல்லை. கன்வெர்டரின் ஓரத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். 360 போன்ற வெளி பேலன்ஸ் எஞ்சின்களில் எடைத் துண்டும் கன்வெர்டரில்தான். 340இன் உள் பேலன்ஸ் கிராங்குக்குப் பின்னால் 360இன் கன்வெர்டரை வைத்துவிட்டு பிளேட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 727 கியர்பாக்ஸின் உள்ஷாஃப்ட் 1966 வரை 19 ஸ்பிளைன், 1967 முதல் 24.

ஆகவே உங்கள் நோவாவுக்கு வாங்க வேண்டியவை: 1986க்குப் பிந்தைய ஒற்றைத் துண்டு சீல் 350க்கான, எடை ஒட்டிய, 168 பல், இரண்டு வட்டத் துளை பிளேட், அதற்கேற்ற சாய்வுப் போல்ட் ஸ்டார்ட்டர், லாக்அப் இல்லாத, தொழிற்சாலை ஸ்டாலை ஒட்டிய டர்போ 350 கன்வெர்டர், புதுக் கிராங்க் போல்ட்டுகள். கியர்பாக்ஸின் வால்பகுதி 6 அங்குல வகை என்றால் பழைய டிரைவ்ஷாஃப்ட்டே பொருந்தும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது கியரைக் கீழே இறக்கும், பவர்கிளைட்டில் இல்லாத கிக்டவுன் கேபிள் ஒன்று டர்போ 350க்கு வேண்டியிருக்கும், அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்டார்ட்டர். மாட்டிய பிறகு, அதன் சிறு பல்சக்கரத்தை வெளியே இழுத்து, பிளேட்டின் பல்லோடு எவ்வளவு இடைவெளியில் கோக்கிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நல்ல அளவு. சுழற்றும்போது கீச்சென்ற ஊளை கேட்டு எஞ்சின் பிடித்ததும் நின்றுவிட்டால் இடைவெளி கூடுதல். எஞ்சின் பிடித்த பிறகு, சாவியை விடும் நேரத்தில் கேட்டால் குறைவு. குறைவாக இருந்தால் ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடு ஒன்றை வைத்து மீண்டும் கேட்டுப் பாருங்கள்.